பால்குடத்துக்காகப் போட்ட பத்து மாத்திரை

கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். திருவிழாத் தேதியைப் பார்த்தால், என் மாதத் தேதியும் சரியாக அன்றுதான்!

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் என் ஓரகத்தி. மெடிக்கலில் தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை ஓர் அட்டை வாங்கி வந்தாள். எங்கள் தெருவில் திருவிழாவுக்கு மஞ்சள் புடவை எடுக்கும்போதே இதையும் வாங்கிவிடுவார்கள். டாக்டரைக் கேட்பதெல்லாம் கிடையாது. பத்தையும் விழுங்கிவிட்டு ஜம்மென்று குடம் எடுத்தேன்.

மாத்திரையை நிறுத்திப் பதினைந்து நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. சோதித்தால் இரண்டு கோடு! மாத்திரை போடும்போதே பிள்ளை வயிற்றில் இருந்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்காகக் குடம் எடுத்தேனோ, அதற்கே கெடுதல் செய்துவிட்டேனோ என்று பதறிப்போனேன்.

கும்பகோணத்து டாக்டரம்மா முதலில் நன்றாகத் திட்டினார். "அது ஹார்மோன் மாத்திரைம்மா. போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணியிருக்கக் கூடாதா?" பிறகு தணிந்தார். "கொஞ்ச நாள்தானே, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அபூர்வமா, பெண் குழந்தைன்னா பிறப்புறுப்புல மாற்றம் இருக்கலாம். அத பிறந்ததும் பாத்துக்கலாம். மத்ததெல்லாம் அஞ்சாம் மாச ஸ்கேன்ல பாத்துடுவோம்."

மசக்கை எனக்கு; ஆனால் பயத்தில் சோறு இறங்காமல் கிடந்தது என்னவோ ஓரகத்திதான். ஸ்கேன் அறைக்குள்ளும் கூடவே நுழைந்து, "விரல நல்லா எண்ணுங்கம்மா" என்று நச்சரித்ததில் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். விரல் சரி, முதுகெலும்பு சரி. மீதிக்குப் பிரசவம்வரை காத்திருந்தோம்.

பிறந்தது பெண். டாக்டரம்மா முழுசாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். ஓரகத்தி அழுத அழுகையில் பக்கத்து வார்டே திரண்டு வந்துவிட்டது.

மறுவருஷம் நன்றிக் குடத்துக்கு நான் காப்புக் கட்டியபோது, அவளும் கையை நீட்டினாள். "உங்களுக்கு எதுக்குக்கா?" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

திருவிழா அன்று காலையிலேயே எனக்குத் தீட்டாகிவிட்டது. ஓரகத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் தோளில் கிடந்த என் மகளை என்னிடம் கொடுத்தாள்.

"நீ பிள்ளையப் பாத்துக்க. ஆத்தாளா மாத்திரை கேட்டா? நான்தானே குடுத்தேன்" என்று குடத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.