மனசைக் கேட்காத கட்டளை

காரவள்ளியில் கொல்லிமலை பஸ் ஏறியபோது என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, காதில் கழுத்தில் ஒன்றுமில்லை, மடியில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். எதைக் கேட்டாலும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்த பிறகே பதில் சொன்னார்.

"எங்கம்மா போறீங்க?" என்றேன்.

"மலை மேல வளப்பூர் நாட்டுல எங்க நாத்தனா ஊட்டுக்குங்க. எங்க ஊட்டுக்காரரை அடக்கம் பண்ணுன அன்னிக்கு, நான்தான் கவனிக்காம அவரைச் சாகடிச்சேன்னு ஊரு முன்னால சொன்னவ. சமாதானம் பேசப் போறேன்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. இன்னும் வயிறு எரியுது. ஆனா ஆண்டவரு போன்னு சொல்றாரு. உனக்கு மனசிருக்கான்னு அவரு கேக்கலீங்களே."

சாயங்காலம் நான் மலையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் அவரும் வழியில் ஏறினார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கதவையே தெறக்கலீங்க. பழத்தை வாசல்ல வெச்சிட்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடி வரோணும்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கோபத்தில் நடுங்கியது. கோபம் ஆறட்டும் என்று காத்திராமல், கோபத்தோடேயே ஒருவர் கீழ்ப்படியலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.