மாடி ஜன்னல்

எங்கள் தெருவில் அக்காவுக்கு வைத்த பெயர் ‘மாடி ஜன்னல்’. கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவள், கதைகளில் பெண்களை எப்படி எழுதுகிறார்கள் என்று நான்கு புத்தகம் போட்டவள் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. சாயங்காலமானால் மாடி ஜன்னலில் கன்னத்தில் கைவைத்து நிற்பாள், அவ்வளவுதான் தெரியும்.

அவள் வேலை செய்வதே அப்படித்தான். ஒரு பத்தி முழுதாகத் தலைக்குள் திரண்ட பிறகே மேசைக்கு வருவாள். அதுவரை நான் கரடியாய்க் கத்தினாலும் காதில் ஏறாது. மருந்துக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்றுவிட்டு வந்து, அவளுக்குப் பின்னால் காபியோடு வேறு நிற்பேன். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவள் திரும்பும்போது பார்க்கவேண்டும், எங்கோ தூரமாய்ப் போய்விட்டு வந்த கண்கள். திட்ட மனசு வராது.

எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் அக்காவிடம், “கவலப்படாதீங்கம்மா, எங்க போயிடப்போறாரு, வந்துடுவாரு” என்று ஆறுதல் சொன்னார். அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாடியேறி வந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஐந்தாவது புத்தகம் அன்றுதான் பிறந்தது. ஆண் ஜன்னலோரம் நின்றால் யோசிக்கிறான் என்று எழுதுகிறார்கள். பெண் நின்றால் யாருக்கோ காத்திருக்கிறாள் என்கிறார்கள். ஏன், அவள் யோசிக்கக் கூடாதா? வீடு முழுக்க நாவல்கள் குவிந்தன. குளியலறை வாசலில்கூட இரண்டு கதாநாயகிகள் கிடந்தார்கள்.

அக்கா இதைப் பேசிய கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் மடக்கினார்: “அவ யோசிச்சான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? எழுதினவரே சொல்லலையே?”

அக்கா அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசி அத்தியாயம் அங்கேயே நின்றுபோனது. மாதக்கணக்கில் ஜன்னலில் நின்றும் ஒன்றும் திரளவில்லை. முடிவில்லாத புத்தகத்தைப் போடமுடியாது என்று பதிப்பாளர் கையை விரித்தார். நேரில் பேசிப் பார்க்கிறேன் என்று அக்கா கொட்டும் மழையில் கிளம்பிப் போனாள்.

அன்று நான் சீக்கிரமே கடையிலிருந்து வந்து, அவள் வருகிறாளா என்று ஜன்னலில் நின்றேன். மழை விட்டிருந்தது. மொட்டைமாடிகளில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அக்கா தெருவில் வந்ததையே பார்க்கவில்லை. திரும்பினால் பின்னால் நிற்கிறாள். முகம் செத்துப்போயிருந்தது.

“என்னக்கா சொன்னாரு?”

“முடியாதுன்னுட்டாரு. அத விடு. கீழருந்து அவ்வளவு கூப்பிட்டேன், காதுல விழல. என்னடி யோசிச்சுட்டிருந்தே?”

சாப்பிட்டியா, கதவப் பூட்டினியா, தலைவலி மாத்திரை இருக்கா என்று என்னை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஐம்பத்துமூன்று வயதுவரை இதை ஒருவரும் கேட்டதில்லை.

“சிரிக்கக் கூடாது. இந்த மொட்டமாடியெல்லாம் ஒண்ணா சேந்துட்டா, கீழயே இறங்காம ஊர்க்கடைசி வரைக்கும் நடந்தே போயிடலாமேன்னு நெனச்சேன். அங்க போய் என்ன பண்றதுன்னுதான் இன்னும் தெரியல.”

அக்கா சிரிக்கவில்லை. ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எத்தன புஸ்தகத்துல தேடினேன்! ஒரே வீட்ல இருந்துட்டு உன்னை ஒருநாள் கேக்கலியேடி.”

கடைசி அத்தியாயத்தை அன்றே தொடங்கினாள். பேராசிரியருக்குப் பதில் ஒரே வரி: வீட்டில் இருப்பவளைக் கேட்டுப்பாருங்கள். அப்புறம் ஏழு பக்கம் என் மொட்டைமாடிச் சாலைதான். பதிப்பாளர் மறுபேச்சில்லாமல் போட்டார்.

இப்போது ஜன்னலில் இரண்டு பேர் நிற்கிறோம். காபி ஆறுகிறது. நேற்று சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்த்து, “நீங்களும் காத்துட்டிருக்கீங்களாம்மா?” என்றார் பாவமாக.

“இல்லீங்க, யோசிச்சுட்டிருக்கேன்” என்றேன்.