இடப்பக்கம் திரும்பாத ஹரிக்கேன்

தியாகேசன் எட்டடி இறக்கை வைத்து விமானம் கட்டுகிறான் என்று தெரிந்தபோது, அவன் அலுவலகத்தில் அதை வேலையில்லாதவன் ஆசை என்றார்கள். காரணம் ஆசை மட்டும் இல்லை. சர்க்கரை அவன் விழித்திரையை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தாகிவிட்டது. அதுவரை ரிமோட்டில் ஓட்டிக்கொண்டிருந்த தெர்மாகோல் விமானங்கள் கொஞ்சம் தூரம் போனதும் அவன் பார்வையிலிருந்து கரைந்துபோயின.

"சின்னதெல்லாம் கொசு மாதிரி ஆயிடுதுடா. பெருசா ஒண்ணு செஞ்சா, கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவையாவது ஒழுங்கா பறக்கவிட்டுப் பாத்துடலாம்" என்றான்.

நானும் அவனும் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்தேன். அவன் அண்ணாமலையார் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. பூசை முறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தேர்வு எழுதி, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தான். நான் அவனைக் 'குருக்களே' என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பான். அதற்காகவே கூப்பிடுவேன்.

கோயிலை விட்டு வந்தாலும் ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. அவன் விமானம் எப்போதும் வலமாகத்தான் சுற்றும். மலையை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றுகிற ஊர் இது. வானத்திலும் அதே சட்டம் என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

"இந்த ஊர்ல எதுவும் இடமா சுத்தக்கூடாது."

"அப்ப உன் இன்ஜின் விசிறி? முன்னாடி நின்னு பாரு குருக்களே, இடமாத்தான் சுத்துது."

"நீ ஏன்டா எதிர்ல போய் நிக்கிற? விமானி சீட்டுல உக்காந்து பாரு. வலம்தான்."

விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். நாங்கள் பறக்கவிட்டது ஊருக்கு வெளியே, தண்ணீர் வற்றிய ஓர் ஏரிக்குள். மேற்குக் காற்று அடித்தால் ஓடுபாதையின் தெற்கு ஓரத்தில் நிற்போம். கிழக்குக் காற்று என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கு ஓரத்துக்குப் போவோம். அப்படி நின்றால் வலமாகத் திரும்புகிற விமானம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே சுற்றும். பன்னிரண்டு வருடம் நாங்கள்தான் இடம் மாறினோம். சுற்று மாறவில்லை.

"இடது பக்கமும் பழகிக்கடா" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "தேவைப்பட்டா திருப்பிக்கலாம், அது என்ன பெரிய வித்தையா" என்பான்.

அவன் தேர்ந்தெடுத்தது ஹரிக்கேன். இரண்டாம் உலகப் போரில் நம் விமானப் படையும் ஓட்டிய ஒற்றை இருக்கைப் போர் விமானம். மூன்று வருடம் மாடி அறையில் கட்டினான். பால்சா என்கிற லேசான மரத்தில் எலும்புக்கூடு, மேலே துணி, அதன்மேல் பச்சையும் பழுப்புமாகப் பெயின்ட். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க இடது இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் சிவப்பு. ரிவெட்டுகளைக்கூடப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தான். "அந்தக் கண்ணுல இந்த வேலையா, மஸ்தான் அண்ணா, நீங்களாவது சொல்லுங்க" என்று அவன் மனைவி சைலஜா என்னிடம் சொன்னாள். நான் சொல்லவில்லை. எனக்கும் அது பறப்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் கிளம்பவில்லை. விசிறியைக் கையால் சுண்டிச் சுண்டி அவன் தோள் வீங்கியது. இரண்டாவது ஞாயிறு நாலு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது ஞாயிறு அது பின்னுக்கு அடித்து அவன் விரலைக் கிழித்தது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினோம், பிளக்கை மாற்றினோம், ஆளுக்கு ஆள் குறை சொல்லிக்கொண்டோம். கடைசியில் டாங்கைத் திறந்தால், பெட்ரோல் உறிஞ்சும் குழாய் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. மீன் தொட்டிக்குப் போடுகிற குழாயை வாங்கிப் போட்டிருக்கிறான். பெட்ரோலில் அது எத்தனை நாள் தாங்கும்?

"மீன் வளக்கறவங்க கடையில போய் விமானத்துக்குக் குழாய் வாங்கறவன் நீ ஒருத்தன்தான்டா" என்றேன்.

"நீயும்தானே பக்கத்துல நின்ன."

நின்றேன்தான்.

குழாயை மாற்றியதும் வேறொன்று. இறக்கைக்கு அடியில் ஆளுக்கு இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் வால் தொங்கியது. வால் கனத்த விமானம் கிளம்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். டயர் கடையில் கேட்டு வாங்கிய ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தோம். முக்கால் கிலோ போனது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக அந்தப் பக்கம் வந்த காவலர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இது ட்ரோனா?"

"இல்ல சார், ஏரோப்ளேன்."

"கேமரா இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்குப் பறக்குது?"

இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வாங்க என்று காவலர் தன்மையாகத்தான் சொன்னார். இன்னொரு நாள் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்து ஏரி நிறைந்துவிட்டது.

தை மாதம் அவன் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. மை கொட்டின மாதிரி இருக்கிறது என்றான். மெல்லத் தெளிந்தது. அடுத்த கசிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சித்திரையில் ஏரியின் தெற்குப் பாதிதான் காய்ந்திருந்தது. வடக்கு ஓரம் முழங்கால் சேறு. காற்றோ கிழக்கிலிருந்து. வடக்கே நிற்க வேண்டிய நாளில் தெற்கே நின்றாக வேண்டும். அங்கிருந்து வலமாகத் திருப்பினால் விமானம் எங்கள் தலைக்கு மேலேயே ஏறிப் பின்னால் போய்விடும். இடமாகத் திருப்பினால்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

"ஆடி வரைக்கும் பொறு. மேற்குக் காத்து வந்துடும்" என்றேன்.

"காத்து வரும்டா. கண்ணு நிக்கணுமே."

இடமாகத் திருப்புவதாக ஒத்துக்கொண்டான். முந்தின நாள் என் கடையில் நின்று, வெறும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது தடவை கட்டைவிரலை இடது பக்கம் தள்ளிக் காட்டினான். போதும், தலைவலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான்.

அன்று காலை இன்ஜின் இரண்டாவது தடவை சுண்டியதுமே பிடித்தது. ஹரிக்கேன் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. வால் எழுந்தது. பிறகு சக்கரங்கள் தரையை விட்டன. பதினொரு கிலோ அது. அவ்வளவு லேசாக எழும் என்று நான் நினைக்கவில்லை.

"தெரியுதா?"

"நல்லா தெரியுதுடா. ரிவெட்டுகூட தெரியுது."

பொய். ஆனால் அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"இடம். இடமா திருப்பு."

"தெரியும், பேசாதே" என்றான்.

அவன் கட்டைவிரல் வலது பக்கம் போனது.

நான் அதைப் பார்த்தேன். ஹரிக்கேன் வலமாகச் சாய்ந்தது. சிவப்பு இறக்கை மேலே போய், வளைந்து, நேராக எங்களை நோக்கி வந்து தலைக்கு மேல் தாண்டியது. அவன் திரும்பினான். உடம்பு திரும்பிய பிறகுதான் கண் திரும்பியது. வெளிச்ச வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? மஸ்தான், எந்தப் பக்கம்?"

எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. தூரத்து எழுத்தெல்லாம் படிப்பேன். அந்த நேரத்தில் அது சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரை ஓரத்துக் கருவேல மரங்களுக்குள் சத்தம் போய் நின்றது. கிளம்பியதிலிருந்து இருபது நொடிதான் இருக்கும்.

"சொன்னேன்ல" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"சொன்ன. நானும் இடம்னுதான்டா நெனச்சேன். கை போயிடுச்சு."

முள்ளுக்குள் புகுந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவன் ரிமோட்டை அணைக்காமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

ஆனியில் இரண்டு கண்ணிலும் கசிந்தது. சென்னைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்தும் வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்குத்தான் தெரிந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து ஒழுங்காக வந்து கடைப் பலகையை ஆட்டியது. அவன் ஆட்டோவில் என் கடைக்கு வந்து உட்காருவான். நான் உடைந்த இறக்கையை ஒட்டிக்கொண்டிருப்பேன். அவன் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலை இடது பக்கம் தள்ளித் தள்ளி விடுவான்.

"இப்ப எதுக்குடா இது?"

"சரியா போகுதா பாரு."

"போகுது."

"நீ பாக்காமலே சொல்ற."

பார்க்காமல்தான் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருக்கலாமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காயில் சுற்றுகிற கை இறுகிக் கம்பி அறுந்துபோகும்.

மாசியில், அலுவலகத்தில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்த வாரம், மாரடைப்பில் போய்விட்டான். ஐம்பத்தொரு வயது.

சுடுகாட்டில் நான் ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அவன் மகன் சோமேஷ் தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றிவரத் தொடங்கினான். முதல் அடியை வலமாகத்தான் எடுத்து வைத்தான். அவன் எந்த ஊர்ப் பிள்ளை? சாஸ்திரிகள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இடமா போங்க தம்பி. இன்னிக்கு மட்டும் இடமா."

சோமேஷ் சட்டென்று திரும்பி இடமாக நடந்தான். குடத்தின் ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து வளைந்து விழுந்தது. மூன்று சுற்று.

எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானேடா என்று தியாகேசனை உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.