கழுவிய வலது கால்

வெள்ளவத்தைக் கடையொன்றில் கார்போலிக் சவர்க்கார வாசம் வந்ததும், இப்போது இடித்து ஃபிளாட்ஸ் எழுப்பிவிட்ட எங்கள் கொட்டாஞ்சேனைச் சிற்றாலயத்தில், பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பாதம் கழுவ, இயேசுவின் சீடர்களாகத் தெரிவான பன்னிருவரில் சின்னவனாக நான் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது. அம்மா அந்தச் சவர்க்காரத்தால் இரண்டு காலையும் தேய்த்துத்தான் அனுப்பியிருந்தா. ஃபாதரோ வலது காலை மட்டும் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். பரிசுத்தமான அந்தக் காலில் ஓரத்துக் கானில் ஓடும் சாக்கடைத் தண்ணீர் பட்டால் கடவுள் என்ன செய்வாரோ என்ற பயத்தில் ஒழுங்கை முழுக்க இடது காலில் கெந்தியே வீடு வந்தேன்.

"ஏனடா கெந்துறாய்?"

"இது கடவுள்ட கால், அம்மா."

அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப மற்றது ஆர்ட கால்?"

கட்டிலில் ஏறி இரண்டு காலையும் மடித்துக்கொண்டேன். பிறகு எப்படியோ இறங்கினேன். ஐம்பது வயதிலும் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நடக்கிறேன்.