கழுவிய முட்டைகள்

அவரைப் பேர் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மருத்துவச்சி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, மீசை உண்டு, குரலும் கட்டைக் குரல். பட்டம் சூட்டியவர் பக்கத்துக் கட்டடத்து பேக்கரிக்காரர். முட்டையை விட்டு வர முடியாமல் கிடந்த ஒரு குஞ்சின் ஓட்டைத் துணுக்குத் துணுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தவரை ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, சுகப்பிரசவமா, ஆயுதம் போட்டியா?" என்று கேட்டார். அன்றோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்கிற பழைய பேர் அழிந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஃப்ரிட்ஜ் வேலை பார்த்தவர்தான். ஒரு மாடிப்படியில் ஃப்ரிட்ஜோடு சேர்ந்து சரிந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. அதன் பிறகு கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கனமில்லாத பொருள் எது என்று யோசித்து முட்டைக்கு வந்து சேர்ந்தார். செத்துப்போன ஒரு ஃப்ரிட்ஜின் உடம்புக்குள் இரண்டு பல்பு, ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டை அளந்து பல்பை அணைக்கிற ஒரு கருவி, அடியில் தண்ணீர்த் தட்டு; கதவை அறுத்து ஒரு கண்ணாடி. ஆயுசு முழுக்கக் குளிரைக் காத்த பெட்டி, செத்த பிறகு முப்பத்தேழரை டிகிரி சூட்டைக் காத்தது. அக்கம்பக்கத்தில் கோழியும் வாத்தும் வளர்ப்பவர்கள் முட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, இருபத்தோராம் நாளோ இருபத்தெட்டாம் நாளோ குஞ்சாக வாங்கிப் போனார்கள்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. கை சும்மா இருக்காது. குஞ்சு ஓட்டில் மூக்கால் ஒரு துளை போட்டுவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு அது தோற்றுப்போனதுபோல் இருக்கும். தோற்கவில்லை. உள்ளே சவ்வில் ஓடிக்கொண்டிருக்கிற ரத்தத்தைத் தன் உடம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஓட்டைப் பிரித்தால், பிரித்த இடத்திலேயே ரத்தம் போய்ச் செத்துப்போகும். முதல் வருஷம் அவர் காப்பாற்றியதைவிடக் கொன்றதே அதிகம். இப்போது கட்டுப்பட்டிருந்தார். சவ்வில் சிவப்புக் கோடு தெரிந்தால் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "அப்படியே ஒரு கயிறும் வாங்கித் தரட்டுமா, கட்டிப்போட?" என்பாள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி.

அவருக்கு ஓர் அக்கா. ஆறு வயது மூத்தவள். கட்டியவன் முதல் வருஷத்திலேயே போனவன் போனவன்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பகுதியில் முப்பது வருஷமாக வேலை. ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகள் அவள் கையில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்தால் கோழிகள். சாம்பல் நிறம், கழுத்தில் கறுப்பு வளையம். அப்படி ஓர் இனம் கடையில் கிடைக்காது, அவளே உண்டாக்கியது. ஒவ்வொரு வருஷமும் சாதுவானதையும் அடையில் ஒழுங்காக உட்காருவதையும் மட்டும் பொறுக்கி நிறுத்திக்கொண்டு, பதினைந்து வருஷத்தில் அந்த நிறத்துக்கும் அந்த வளையத்துக்கும் கொண்டுவந்திருந்தாள். யாருக்கும் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. "என் பிள்ளைங்கள எதுக்குடா ஊரான் வீட்டுக்கு அனுப்பணும்?" என்பாள். கொடுத்திருந்தால் எங்கேயாவது ஒன்று பிழைத்திருக்கும்.

ஐந்தே நாளில் நோய் அத்தனையையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆறாம் நாள் காலையில் அக்கா ஒரு தலையணை உறையைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்தபடி அவர் வாசலில் வந்து நின்றாள்.

"முப்பத்தாறு இருக்குடா. சீக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சது. இதுல வந்தாத்தான் உண்டு. இல்லன்னா அவ்வளவுதான், அந்தச் சாதியே இல்ல."

"உட்காருக்கா மொதல்ல."

"நீ மொதல்ல இத உள்ள வை. நான் அப்புறம் உட்காருறேன்."

ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். அவ்வளவு சுத்தமான முட்டைகளை அவர் பார்த்ததில்லை. ஒரு பொட்டு எச்சமில்லை, ஒரு தூசியில்லை. அக்கா கை பட்டால் எதுவும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வேறு எதுவும் தோன்றவில்லை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஏழாம் நாள் சாயங்காலம் அக்கா வேலை முடிந்து நேராக வந்தாள். ஜன்னலை மூடி, டார்ச் வாயில் ஓர் அட்டைக்குழாயைச் செருகி, ஒரு முட்டையை அதன்மேல் வைத்துக் காட்டினார். உள்ளே சிலந்திபோல ஒரு சிவப்பு. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் கோழி வளர்த்தவள். முட்டைக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"ஆடுதுடா."

"ஆடும்."

"இவ்ளோண்டு இருந்துக்கிட்டு என்னமா ஆடுது பாரு. உன்ன மாதிரியே. நீ பொறந்தப்போ அப்படித்தான், ஒரு எடத்துல நிக்க மாட்ட."

முப்பத்தாறில் இருபத்தொன்பது ஆடியது. அன்று அக்கா இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள் என்று மனைவி சொன்னாள்.

பதினோராம் நாள் காலை கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மூக்கில் அறைந்தது. ஒரு முட்டையின் ஓட்டில் தேன்போல ஏதோ வியர்த்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார். கூமுட்டை வருவது புதிதில்லை. ஆனால் ஏழாம் நாள் உள்ளே துடித்துக்கொண்டிருந்த முட்டை அது; பென்சிலால் போட்ட எண் இருந்தது. மற்றவற்றை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். இன்னும் மூன்றில் அதே வாடை. அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, முட்டைய என்ன பண்ணி வச்சிருந்த?"

"என்ன பண்றது? பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

"துடைச்சியா?"

"துடைக்கிறதா? நல்லாக் கேட்ட போ. சீக்கு வந்த எடத்துல இருந்த முட்டை, வெறுமனே துடைச்சா போயிடுமா? ஆஸ்பத்திரி மருந்து ஊத்தி, பச்சத் தண்ணியில அர மணி நேரம் ஊறப்போட்டு, பிரஷ் வச்சு ஒண்ணொண்ணாத் தேய்ச்சேன். ஒரு கிருமி தங்கியிருக்காது. நல்லதுதானே பண்ணேன்?"

முட்டை ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. ஓட்டில் இருக்கிற ஆயிரக்கணக்கான துளைகளை அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. தேய்த்தால் அது போய்விடும். அதற்குமேல் பச்சைத் தண்ணீரில் போட்டால் முட்டை உள்ளுக்குள் சுருங்கி, சுற்றியிருக்கும் தண்ணீரை அழுக்கோடும் மருந்தோடும் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். அடைவைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது என்பது அவர் தன்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்கிற வார்த்தை. அக்காவிடம் சொன்னதில்லை. அவள் கோழிகள் தாமே அடைகாத்தன, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னடா சத்தத்தையே காணோம்? நல்லதுதானே?"

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

போனில் அக்கா சொன்னது செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவிக்கும் கேட்டிருந்தது; நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ம்? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மட்டும்? கழுவினது கழுவினதுதானே. இருக்குற பத்து நாளாவது தூங்கட்டும்."

பதினான்காம் நாள் பதின்மூன்று மிஞ்சியது. பதினெட்டாம் நாள் ஆறு. ஒவ்வொரு தடவையும் அக்காவிடம் எண்ணிக்கையை மட்டும் சொன்னார். "ஆறு போதும்டா" என்றாள் அவள். "ஒரு சேவல், ரெண்டு கோழி நின்னாக்கூட நான் திரும்பக் கொண்டாந்துருவேன். எனக்கு ஓய்வு வர்றதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள அத்தனையும் வந்துடும்."

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும். சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் காகிதம்போல ஒட்டிக்கொள்ளும். அக்கா லீவு போட்டுவிட்டு ஒரு பையோடு வந்து, கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். "டிவி பாக்குறாங்க உங்க அக்கா" என்றார் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து. "இதுல விளம்பரம் கிடையாதுல்ல, அதான்" என்றாள் அக்கா. அந்த நாலு நாளில் அவள் சொன்ன ஒரே வேடிக்கை அது.

இருபத்தோராம் நாள் காலை இரண்டு முட்டைகளில் துளை விழுந்தது. ஒன்று துளையோடு நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் துளையோரச் சவ்வு பழுப்பேறிக் காய்ந்து, உள்ளே தெரிந்த அலகு அசைவதை நிறுத்தியது. இன்னொன்று கத்தியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. மற்ற நான்கிலும் எந்த அரவமும் இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கும் அது அதே துளையோடுதான் இருந்தது. கத்தலுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"டேய், ஒரு நாளாச்சுடா. எடுத்து விடேன். ஊருக்கெல்லாம் எடுத்து விடுற."

அவர் கண்ணாடி வழியே டார்ச்சை அடித்தார். துளைக்குள் தெரிந்த சவ்வில் இரண்டு சிவப்புக் கோடுகள். "இன்னும் ரத்தம் இருக்குக்கா. சாயங்காலம் வரைக்கும் தொடக் கூடாது."

"அதுவரைக்கும் அது தாங்கணுமே?"

"தாங்கும்" என்றார். கைகளை அக்குளில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பேக்கரிக்காரர் வந்து நின்றார். க்ரீம் வைக்கிற ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, அத்தனை கேக்கும் உருகுகிறது, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பாரேன் என்றார். போனார். ஒயர் ஒன்று கருகியிருந்தது. மாற்றிவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று.

வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. கண்ணாடியில் படிந்திருந்த பனி மொத்தமாகப் போயிருந்தது. அக்கா குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டிருக்கிறாள், தரையெல்லாம் ஈரம். அவள் மடியில் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டில் சாம்பல் நிறக் குஞ்சு. கழுத்தில் வளையம்கூடத் தெரிந்தது. அடிவயிற்றில் உள்ளே போகாத மஞ்சள் கரு, ஒரு பட்டாணி அளவு, வெளியே பிதுங்கியிருந்தது. ஓட்டுத் துண்டுகள் சிவந்திருந்தன.

"கத்தல் நின்னுடுச்சுடா" என்றாள். "நின்னுடுச்சு, அதான்..."

அவர் பஞ்சை வெந்நீரில் பிழிந்தார். ரத்தம் வருகிற இடத்தில் மாவைத் தொட்டு வைத்தார். பிதுங்கியதை அழுத்தாமல் ஈரத்துணியால் சுற்றி, ஒரு கிண்ணத்தில் நிமிர்த்தி உட்கார வைத்து, பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். இப்படி வைத்து ஒரே ஒரு வாத்துக்குஞ்சு முன்பு பிழைத்திருக்கிறது. நாலு மணிக்குக் குஞ்சு தலையைத் தூக்கியது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். தலை கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்தது. அதற்குப் பிறகு எழவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். "நான் தொடாம இருந்திருந்தா வந்திருக்கும், இல்லடா?"

வந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். இந்த ஒன்றாவது.

"இல்லக்கா. மெஷின்ல கோளாறு. உள்ள ஈரம் நிக்கவே இல்ல. சவ்வு முன்னாடியே ஒட்டிப்போச்சு. நீ தொடலன்னாலும் போயிருக்கும்."

"அப்போ மத்ததெல்லாம்?"

"அதுவும் அதாலதான். சூடு ஏறி இறங்கியிருக்கு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "மொதல்லயே பாத்திருக்கக் கூடாதாடா?" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

அவள் போன பிறகு மனைவி தட்டைச் சத்தத்தோடு வைத்தாள். "ஊரெல்லாம் பேசுவாங்க. நாளைக்கு ஒரு முட்டை வராது. உண்மையச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அந்தக் கையோடதான அவ நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றார் அவர்.

மனைவி சோற்றைப் போட்டாள்.

அவள் சொன்னது நடந்தது. அக்காவுக்கு வஞ்சனை தெரியாது. தம்பி பேரைக் கெடுக்க வேண்டுமென்று சொல்லவில்லை; இன்னொருத்தி தன்னைப்போல் இழந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், கோழி வளர்க்கிறவர்கள் எங்கே கண்ணில் பட்டாலும் சொன்னாள்: "எங்க தம்பி தங்கமான பையன், மெஷின்தான் சரியில்ல. இப்போதைக்குக் குடுக்காதீங்க." அடுத்த மாதம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் யாரும் இல்லை. ஓடுகிற பெட்டி ஓடாததுபோல மூலையில் நின்றது. பேக்கரிக்காரர் மருத்துவச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வாத்து வளர்க்கிற தையல்காரம்மா கூடையோடு வாசலில் நின்றாள்.

"மெஷின் சரியாயிடுச்சாண்ணே? பன்னெண்டு முட்டை கொண்டாந்திருக்கேன். உங்க கை மாதிரி வராது, அதான்."

அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். சரியாயிற்று என்றால் என்ன கோளாறு, எதை மாற்றினாய் என்று கேட்பாள்; பேச்சு கழுவியதில் போய் முடியும்.

"இன்னும் இல்லம்மா" என்றார் அவர்.

"எப்பதான் ஆகும்?"

"சொல்றதுக்கில்ல."

"பாவம், அவனும் பாத்துக்கிட்டேதான் இருக்கான்" என்றாள் அக்கா. "வேற எங்கயாவது குடும்மா. ஆசையா வச்சிருக்கிறத வீணாக்கிடாத."

அவர் எழுந்து வாசல்வரை போனார். இரண்டு நிறுத்தம் தள்ளி ஒருவர் பெரிய மெஷின் வைத்திருப்பதையும், எந்த பஸ் என்பதையும் சொன்னார். பிறகு குனிந்து, கூடையில் சாய்ந்து கிடந்த ஒன்றிரண்டு முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"பஸ்ல கீழ வச்சிடாதீங்கம்மா, அதிரும். மடியிலயே வச்சுக்குங்க."

"சரிண்ணே" என்று அவள் படியிறங்கினாள்.