பாட்டின் கடைசி நாலு வரி

யுத்தத்தால் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பாட்டுக் கேட்கச் சைக்கிள் வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவின் தயவில் கசற் போடுகிற றேடியோ பாடும். நான் ஒன்பது வயதுச் சிறுமி. எங்கள் வீட்டில் சுற்றுகிற கை என்னுடையது.

அம்மாவின் தம்பியான என் மாமா, எங்கள் ஊர்க் கோயில் பிள்ளையார்மேல் தானே ஒரு பாட்டுக் கட்டிக் கசற்றில் பதிந்து வைத்திருந்தார். திருவிழாவில் அதைப் பாடிவிட வேண்டுமென்பது அவருடைய ஆசை. கோயிலில் ஒருவரும் கூப்பிடவில்லை. சனம் கேட்டால் கோயிலும் கேட்கும் என்று, சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கும் நாட்களில் என்னையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போவார்.

றேடியோ அவர் மடியில் இருக்கும். கடைசி நாலு வரி வருமுன் கையை உயர்த்துவார். நான் சுற்றுவதை விட்டுவிடுவேன். குரல் இழுபட்டு நின்றுவிடும்.

"டைனமோ களைச்சுப்போச்சு. மிச்சத்தைக் கோயிலிலை பாடுறன், கூப்பிடச் சொல்லுங்கோ" என்பார் மாமா.

"உம்மடை டைனமோ ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை களைக்குது, என்ன?" என்று வரிசையில் ஒருவர் கேட்பார். சனம் சிரிக்கும். ஆனால் மிச்சம் என்னவென்று ஊரெல்லாம் கதைத்தார்கள்.

நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதியும்போது சாமியறைக்கு விளக்கேற்ற வந்த அம்மா, தன்னை மறந்து அந்த நாலு வரியையும் சேர்ந்து பாடிவிட்டார். திரும்பப் பதிய வேறு கசற் இல்லை. "ஊர் கேக்க என்ரை குரலைப் போட்டிடாதை, தம்பி" என்று மாமாவிடம் கெஞ்சினார். அக்காவின் கூச்சத்தை மாமா தன் தந்திரமாக்கிக்கொண்டார்.

எனக்கோ, சுவாமி பாட்டை இடையில் விடுவது பாவம் என்று பயம். அம்மாவின் குரல் மாமாவினதைவிட நல்லது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் கோயில் தலைவரும் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வரிசையில் நின்றார். கடைசி வரிகள் நெருங்கின. மாமாவின் கையைப் பார்த்தால்தானே நிறுத்தவேண்டும்? பிள்ளையாரே, மன்னித்துக்கொள்ளும் என்று தலையைக் குனிந்துகொண்டு சுற்றினேன். அம்மாவின் குரல் வந்தது. வரிசை றேடியோப் பக்கம் திரும்பியது.

"ஆர் தம்பி அந்தப் பொம்பிளை?" என்று தலைவர் மாமாவைக் கேட்டார்.

மாமா வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "எங்கடை அம்மா."

அம்மா மூன்று நாள் எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் குசினியில் சமைத்தபடியே பாடிப் பழகத் தொடங்கினார். அந்த வருடத் திருவிழாவில் மாமாவின் பாட்டை முதல் வரியிலிருந்து அம்மாவே பாடினார். மாமா பக்கத்தில் இருந்து தாளம் போட்டார்.

நான்தான் அம்மாவைப் பாட வைத்தேன் என்று வெகுகாலம் பெருமைப்பட்டேன். மாமாவும் மறுத்ததில்லை. "ஓம், இவள் சொல்வழி கேளாதவள்" என்று என்னைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான் தலையைக் குனிந்திருந்தேன். அவர் கையை உயர்த்தினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் றேடியோ அன்றும் அவர் மடியில்தான் இருந்தது. நிறுத்துகிற பொத்தான் அவர் விரலடியில் இருந்தது.