எடைக்கல்லின் அரை நொடி

என் வீட்டுக்காரரைச் சந்தையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூரத்தில் தலை தெரிந்ததுமே "எடைக்கல் வருது, எடைக்கல் வருது" என்று கடைக்குக் கடை சேதி போய்விடும். தராசுகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் அவர். மரப்பெட்டியிலிருந்து முத்திரை குத்திய பித்தளைக் கல்லை எடுத்துத் தட்டில் வைப்பார். முள் நகர்ந்தால் கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. "கல்லு தப்பாது, தராசுதான் தப்பு" என்பார். வீட்டிலும் அதே புத்திதான். டீயில் சர்க்கரை கூடினால் கரண்டியைத்தான் சந்தேகப்படுவார். என்னைச் சொல்லப் பயம்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ராடார்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக அவருடைய சிறுவயதில் யாரோ விண்ணில் ஏவிய ஒரு வெற்று அலுமினிய உருண்டை. அதில் கேமரா கிடையாது, பேட்டரி கிடையாது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

"எதுக்கும் உதவாததை எதுக்குங்க பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம பெட்டிக்கல்லு மாதிரிம்மா அது. அதுவா ஒண்ணும் செய்யாது. மத்ததெல்லாம் சரியான்னு பாக்க அது இருந்தா போதும்."

வேறு ஒருத்தி இருந்தாலாவது போய்ச் சண்டை போட்டிருப்பேன். உருண்டையோடு என்னத்தைச் சண்டை போடுவது? பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குறித்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி கடக்கும்போது நிறுத்துகடிகாரத்தை அழுத்துவார். இப்படி வெவ்வேறு நாடுகளில் எட்டுப் பேர். எட்டுப் பேரின் நேரங்களையும் வாங்கி ஒப்பிட்டுப் பட்டியல் போடுபவர், எங்கோ ஒரு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பிசகாத நேரத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் ஒரு நட்சத்திரக் குறி போடுவார். இருபத்தொரு வருடமாக இவர் பெயருக்கு நேரே அந்தக் குறி இருந்தது. பதவி உயர்வு வராமல் போனபோதுகூட இவர் தூங்கினார். அந்தக் குறி போனபோது தூங்கவில்லை.

"மூன்று மாதமாக உங்கள் நேரங்கள் பிந்துகின்றன. கடிகாரத்தைப் பாருங்கள்" என்று மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார்.

"கடிகாரத்தக் கீழ போட்டியா?"

"உங்க கடிகாரத்த நான் ஏன் தொடப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்புறம் எப்படி ஓடும் அது தப்பா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒன்பது நாள் பேசவில்லை. அவர் புதுக் கடிகாரம் வாங்கினார். அதிலும் பிந்தியது, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதே மாதங்களில்தான் சட்டைப் பட்டன் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. "மாப்பிள்ளை கிளம்பியாச்சா?" என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். டம்ளர் கை நழுவியபோது திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்துத் தரையில் கட்டத்தாளை ஒட்டி ஒட்டி விரித்திருந்தார். மூன்று வருடத் தாமதங்களையும் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். இரண்டு வருடம் படுத்த கோடு. பிறகு மெல்ல ஏறுகிறது. நான் டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ரெண்டு கடிகாரமும் சரியாத்தாம்மா ஓடுது" என்றார். "உருண்டையும் தப்பாது."

"அப்போ?"

வலது கைக் கட்டைவிரலை என்னிடம் நீட்டினார். "தராசுதான்."

டாக்டர், "இது எப்போலேருந்து?" என்று கேட்டார். இவர் கட்டத்தாளை மேசைமேல் விரித்து, கோடு ஏறத் தொடங்கிய இடத்தில் விரலை வைத்தார். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது நரம்பு நோய், கையோடு நிற்காது, நிறுத்த மருந்து இல்லை என்றார். எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. இருபத்தாறு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் நான். எனக்குத் தெரியாதது எங்கோ உயரத்தில் போகிற ஒரு அலுமினிய உருண்டைக்குத் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு கண் அவருடையது, விரல் என்னுடையது. அவர் தொலைநோக்கியில் பார்த்து "இப்போ" என்பார், நான் அழுத்துவேன். சொல்லைக் கேட்டு அழுத்துவதற்குள் அரை நொடி போய்விடும். மருந்துக்கடைக்காரரிடம் அதைச் சொன்னோம். அவர் அரை நொடியைக் கழித்துக் கணக்கிட்டார். இரண்டாவது மாதம் நட்சத்திரக் குறி திரும்பி வந்தது. அதைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பு, எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

பதினான்கு மாதம் அப்படிப் பார்த்தோம். கடைசியில் அவர் "இப்போ" சொல்வது மூச்சுச் சத்தம் போலத்தான் கேட்கும். நான் காதை அவர் வாயருகே வைத்துக்கொள்வேன். பிறகு அந்த மூச்சும் நின்றுபோனது.

நாற்பது நாள் கழித்து நான் மட்டும் மாடிக்குப் போனேன். கண்ணும் என்னுடையது, விரலும் என்னுடையது. நேரங்களைக் குறித்து அனுப்பினேன். மூன்று மாதம் அனுப்பினேன்.

மருந்துக்கடைக்காரர் பக்குவமாக எழுதியிருந்தார். "நீங்களே பார்த்து நீங்களே அழுத்துவதால் பழைய அரை நொடியைக் கழிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் உங்கள் எல்லா நேரங்களும் அதே அரை நொடி பிந்தியே வருகின்றன. அது கூடவில்லை, குறையவில்லை. அதனால் உடம்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள்."

கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியும். அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே புள்ளி கடக்கிறது, நான் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே, அவர் சொல்லட்டும் என்று நிற்கிறேன்.

பதில் எழுதினேன். "கடிகாரம் சரியாக இருக்கிறது. அந்த அரை நொடியை முன்போலவே நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை."